ஒரே பானையில் சிவப்பும் கறுப்பும்

கலம்காரிக்காரர்களும் கட்ச் பகுதியின் அஜ்ரக் அச்சுக்காரர்களும் சிவப்பு நிறத்தைத் துணியில் அச்சடிப்பதே இல்லை, தெரியுமா உங்களுக்கு? அவர்கள் அச்சடிப்பது படிகாரம். பிசின் கலந்த, ஏறக்குறைய நிறமே இல்லாத படிகாரக் கூழ். அடித்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று அதில் கொஞ்சம் காவிமண்ணைக் கலந்துகொள்வார்கள், அவ்வளவுதான். துணி சாயப் பானைக்குள் போன பிறகுதான் அந்த இடத்தில் சிவப்பு பிறக்கிறது. அதே பானையில், அதே சூட்டில், இரும்புக் கரைசல் பட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகிறது. இரண்டையும் கலந்து அடித்த இடம் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் சேர்ந்த ஏதோ ஒன்றாகிறது. ஒரே சாயம்! இதை முதன்முதலில் என் வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்த்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டார்.

துணித் துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டுத் தையலால் சுவர்ச் சித்திரம் செய்வது என் பித்து. ரொம்ப நாள் கடைத் துணியை வைத்தே ஒப்பேற்றினேன். கடைத் துணியில் ஒரு தொல்லை: நிறம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாதிரி இருக்கும். வானம் தைக்க நீலம் வாங்கினால் அது பள்ளிச் சீருடை மாதிரிதான் வரும். சாயத்தையும் அச்சையும் நானே கையிலெடுத்த பிறகு ஒரு முழத் துணிக்குள்ளேயே விடியலும் வருகிறது, புழுதியும் வருகிறது. இனி திரும்பிப் போக மாட்டேன்.

இதில் பெரிய சந்தோஷம், சாயப் பொருள் எதையும் எங்கோ எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டாம். எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. கடுக்காய், மஞ்சிட்டி வேர், படிகாரம், காய்ந்த மாதுளை ஓடு. ஒரு கிலோ கடுக்காய் கேட்டதும் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு, “ஏம்மா, வீட்ல அத்தனை பேருக்குமா மலச்சிக்கல்?” என்றார். துணிக்கு என்றேன். நம்பவில்லை. அடுத்த முறை ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். இப்போது மஞ்சிட்டியில் நல்ல சிவந்த வேராகப் பார்த்து எடுத்து வைக்கிறார்.

வேலை இப்படித்தான். காடாத் துணியைச் சலவைச் சோடா போட்டு வேகவைத்தால் கஞ்சியும் மெழுகும் கழன்று தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். சோம்பேறிகளுக்குப் பழைய வேட்டி உத்தமம். எத்தனையோ சலவை கண்ட நூல் சாயத்தை உறிஞ்சும் அழகே தனி. பிறகு கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். பருத்தி தானாகப் படிகாரத்தை இறுகப் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்றிக்கொள்ள, அந்தத் துவர்ப்பைப் படிகாரம் பற்றிக்கொள்ள, படிகாரத்தைச் சாயம் பற்றிக்கொள்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம் பிடித்து எழுதுகிறவர்கள் கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு கோட்டைப் பரவ விடாது. நானும் சேர்த்துப் பார்த்தேன், கோடு கம்பி போல நின்றது. வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வாடை என்றால் கறுப்பைச் சொல்லாமல் விட முடியுமா? துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர் மூன்றையும் ஒரு பானையில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டால் இரும்புக் காடி தயார். அதைப் புளியங்கொட்டை மாவில் காய்ச்சிக் கூழாக்கி, கடுக்காயில் ஊறிக் காய்ந்த துணியில் ஒரு அச்சு வைத்துப் பாருங்கள். கூழ் பட்ட கணமே மஞ்சள் துணி மைக்கறுப்பாகிறது! விரல் நகமும் கறுக்கும், பல நாள் போகாது. காடியின் வீரியம் மட்டும் அளவோடு இருக்க வேண்டும். இரும்பு மிஞ்சினால் நூல் இற்றுவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய அச்சுத் துணிகள் சிலவற்றில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து போயிருப்பது அதனால்தான்.

அச்சுக்கட்டைக்கு குஜராத்தின் பெதாபூர் பேர்போனது; அங்கே தேக்கில் செதுக்குவார்கள். நான் கட்டை வாங்கும் முன்பே சமையலறையைச் சூறையாடிவிட்டேன். வாழைத்தண்டை நறுக்கி அச்சு வைத்தால் வட்டத்துக்குள் வட்டம். வெண்டைக்காயில் ஐந்து இதழ்ப் பூ. முறுக்கு அச்சின் தட்டில் நட்சத்திரம் (அந்தத் தட்டில் பிறகு முறுக்கு பிழியக் கூடாது). சித்திரத்துக்கு வேண்டிய துணியில் அச்சு கொஞ்சம் கோணினால் என்ன? கோணிய இடத்தில்தான் எனக்குத் தையல் போடத் தோன்றுகிறது.

அப்புறம் மஞ்சிட்டிப் பானை. அச்சடித்துக் காய்ந்த துணியை அலசி, கூழெல்லாம் போன பிறகு மஞ்சிட்டி நீரில் இறக்கி மெல்லச் சூடேற்றுவேன். தளதளவென்று கொதிக்க விட்டால் சிவப்பில் பழுப்பு ஏறிவிடும். பொங்கல் பானையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் போல அந்தப் பானையை எட்டி எட்டிப் பார்ப்பேன். படிகாரம் அடித்த இடம் எதுவென்றே தெரியாமலிருந்த துணியில் முதலில் லேசான ரோசா, பிறகு செம்பருத்தி, பிறகு செங்கல் என்று பூ ஒவ்வொன்றாக மேலே வரும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் துலங்கும்.

மஞ்சிட்டிக்கும் முன்னால் சோழமண்டலக் கரையின் பெருமை சாயவேர். மணற்பாங்கான கடலோரத்தில் விளையும் அந்தச் சிறு செடியின் வேரை மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் டச்சுக்காரர் காலத்தில் தோண்டி எடுத்தார்கள். அந்தச் சிவப்பேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பா அலைந்த அலைச்சலில், தன் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அதற்குத் தடையே போட்டது. 1869-இல் அந்த வேரின் சிவப்புச் சாயமான அலிசரின் செயற்கையாகவே வந்ததும் வேருக்கு மவுசு போனது. நீலத்துக்கு, அதாவது அவுரிக்கு, இங்கே இடம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: பழைய கலம்காரித் துணிகளில் இலைகள் நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை பச்சையாகப் பிறந்தவைதான். நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் காலப்போக்கில் வெளிறிப்போக, நீலம் தங்கிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் சித்திரங்களில் வேண்டுமென்றே நீல இலை வைக்கிறேன்!

துணியில் சித்திரம் என்றதும் வெளிநாட்டு மோகம் என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்காகத் தொம்பை என்ற உருளைத் தொங்கலும் தோரணமும் அஸ்மானகிரி என்ற விதானமும் எழுதுகிறார்களே, அது துணிச் சித்திரம் இல்லாமல் வேறென்ன? கருப்பூர்க் கலம்காரி என்று பெயர் பெற்ற அந்தச் சித்திரத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கட்டாயம் பாருங்கள்.

பார்த்ததோடு நிற்காதீர்கள். கால் கிலோ கடுக்காய், கால் கிலோ மஞ்சிட்டி, ஒரு கட்டிப் படிகாரம், ஒரு பழைய வேட்டி போதும். சமையலுக்குத் திரும்பப் போகாத பானை ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கைக்குட்டை அளவில் தொடங்குங்கள், அம்மாவின் பட்டுப் புடவையில் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தால் கடுக்காயை ஊறப்போட்டுவிடுங்கள்.