வீட்டுப் பயிற்சி தோற்றதா?

பக்கவாதத்தால் மூளை பழுதுற்றவருக்கு வீட்டாரே பயிற்சி கொடுத்தால் செலவு மிச்சமாகுமே என்று பலரும் எண்ணுகிறோம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைக் கொண்டு இதைச் சோதித்த 'அட்டெண்ட்' ஆய்வு, 2017-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவில் வீட்டாருக்குத் தனிப் பயிற்சி. மற்றதில் வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து, இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் இரு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை!

பாதகமான முடிவை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் இதைக் காட்டி வீட்டுப் பயிற்சியே வீண் என்று சொல்வது பொருந்தாது. இரண்டாம் பிரிவினரும் வீடு திரும்பியவர்கள்தாமே? நம் வீடுகளில் யாரும் சொல்லித்தராமலேயே மகனோ மருமகளோ கையைப் பிடித்து நடத்துகிறார்கள். மடங்கிய விரல்களை நீவி நீட்டிவிடுகிறார்கள். ஆகவே இங்கே சோதிக்கப்பட்டது வீட்டுப் பயிற்சி அன்று. அதன்மேல் கூட்டிய ஒரு சிறு பாடம். பழுதுபட்ட மூளை ஓர் அசைவை மீண்டும் கற்க, அதை நூற்றுக்கணக்கான முறை செய்தாகவேண்டும். மருத்துவமனையில் தொடங்கி, வீட்டில் இரண்டு மாதம் வரை நீடித்த பாடம் அதற்குப் போதுமா என்பதே என் ஐயம்.

'மலிவு' என்ற சொல்லும் உறுத்துகிறது. வேலையை விட்டு உடனிருக்கும் மனைவியின் கூலியைச் சேர்த்தால் அது மலிவாகுமா? பயிற்சியாளர் வேலையைக் குடும்பத்தார்மீது மாற்றும் திட்டங்களுக்கு இம்முடிவு ஆதரவளிக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை.