தூக்குவாளியும் ரசீதுப் புத்தகமும்

ஒரு படைப்பு உருவாகி முடிவதற்கு முன்னாலேயே அதன் முடிவை விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எழுத்தாளனுக்கு அவ்வளவாக இல்லை. கவிதை எழுதக் கொஞ்சம் தாள் போதும். அச்சுக்கூலி பிறகு வருகிற தொல்லை. சினிமாவின் சங்கதி வேறு. அது பாதியில் நிற்கும்போதே கையேந்த வேண்டியிருக்கிறது. கையேந்துகிறவன் 'எதற்கு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் படத்தை என்ன செய்துவிடுகிறது என்பது பற்றித்தான் இங்கு சொல்லத் தோன்றுகிறது. கொள்கை விளக்கம் எதுவும் எனக்கு உத்தேசமில்லை. சென்ற நோன்பு மாதத்திலிருந்து நானே மாட்டிக்கொண்டிருக்கிற விவகாரம் இது.

ஆவடியில் இருக்கும் ஒரு இளம்பெண் குறும்படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். பூந்தமல்லியில் உறவினர் வீட்டில், ஐந்து நாட்களில், இரவல் காமிராவில் எடுத்தது. எடிட்டிங் முடிந்துவிட்டது. ஒலிச்சேர்ப்பும் வண்ணச் சீரமைப்பும் பாக்கி. அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்துப் பக்கம், கோடிகளில் செட் போடுகிற படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. அங்கு ஒருநாள் சாப்பாட்டுச் செலவு இந்தப் படத்தை முடித்துக் கொடுத்துவிடக்கூடும். அது கிடக்கட்டும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுப் பெண். போன வருஷம் வரை நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்கு ஓடி, வரிசையில் நின்று, கஞ்சி வாங்கி வருவது அவள் வேலை. இந்த வருஷம் அவள் பெரியவளாகிவிட்டாள். தூக்குவாளி தம்பி கைக்குப் போகிறது. அவன் வழியிலேயே பாதியைக் கொட்டிவிட்டு வருகிறான். மறுநாளும் கொட்டுகிறான். மூன்றாம் நாள் அவள் அவனை முற்றத்தில் நிறுத்தி, தூக்குவாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, தளும்பாமல் நடக்கக் கற்றுத் தருகிறாள். அவன் முன்னால் நடக்க, இவள் பின்னால் நடக்கிறாள், வாசல்படி வரை. அங்கே நின்றுவிடுகிறாள். அவன் நடையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வருகிறது. சிரிப்பு முடிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

காற்றின் இரைச்சலோடு மடிக்கணினியில் இதைப் பார்த்தேன். அந்த வாசல்படி என்னை ஒரு வாரம் விடவில்லை.

'சார், நீங்க எழுதறவர். பணம் கேக்கறதுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க' என்றார். எழுதினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கிளைக்கு வந்துபோகிற தொழிற்சங்க நண்பர்கள், எல்.ஐ.சி.யில் இருக்கும் பழைய வாசகர்கள், வெளிநாட்டில் இரண்டு மூன்று பேர் என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். 'நான்கு சுவர்கள்', 'பறிக்கப்பட்ட பால்யம்', 'குரலற்றவர்களின் குரல்' எல்லாம் அதில் இருந்தன. பத்து வருஷமாக இந்தப் பக்கங்களில் மற்றவர்கள் எழுத்தில் நான் கண்டுபிடித்துக் கிழித்த அதே வார்த்தைகள். நாலைந்து நாளில் கணிசமான தொகைக்கு வாக்குறுதிகள் வந்துவிட்டன. அவர் படித்துவிட்டுச் சொன்னார்: 'நல்லா இருக்கு சார். ஆனா இந்த லெட்டர்ல இருக்கற பொண்ணு சிரிக்க மாட்டா.'

இரண்டாவது கடிதத்தில் மேலே சொன்ன கதையை, சொன்னபடியே எழுதினேன். வாக்குறுதி கொடுத்தவர்களில் பலர் மௌனமாகிவிட்டார்கள். 'இதில் பிரச்சனை எங்கே இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டார். இதே சமயத்தில், அவர் குடும்பத்துக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்கத் தயாராக வந்தார். ஒரே நிபந்தனை. அந்தப் பெண் தானாகவே முன்வந்து, சந்தோஷமாக, தம்பியிடம் தூக்குவாளியைக் கொடுப்பதுபோல் மாற்ற வேண்டும். முன்னவருக்கு அவள் அழ வேண்டும். பின்னவருக்கு அவள் திருப்தியோடு இருக்க வேண்டும். ஒருவரையொருவர் முகம் பார்க்கவும் விரும்பாத இந்த இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: முடிவு எங்கள் கையில் இருக்கட்டும்.

இந்த இக்கட்டையே கதையாக வைத்துக்கொண்ட படம் ஒன்று உண்டு. ஹைஃபா அல் மன்சூர் 2012இல் எடுத்த 'வஜ்தா'. முழுக்க சவூதி அரேபியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம். தெருக்காட்சிகளில் பெண்ணான அவர் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கி வழியாக இயக்க வேண்டியிருந்தது. பணம் பெர்லினிலிருந்த தயாரிப்பாளர்கள் வழியாகவும் அரபு நிறுவனங்களிலிருந்தும் வந்தது. ரியாத்தில் ஒரு சிறுமிக்குப் பச்சை நிறச் சைக்கிள் மேல் ஆசை. விலை 800 ரியால். பள்ளியில் குர்ஆன் ஓதும் போட்டிக்குப் பரிசு 1000 ரியால். அவள் சிரத்தையாகக் கற்று, ஓதி, ஜெயிக்கிறாள். பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்று மேடையில் கேட்கிறார்கள். சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். பரிசுப் பணம் பாலஸ்தீனத்துக்கு நன்கொடை என்று தலைமையாசிரியை அறிவித்துவிடுகிறார்.

இந்தக் காட்சியை மத ஸ்தாபனத்தின் கெடுபிடி என்று மட்டும் படித்துவிடுவது சுலபம். நான் முன்பு அப்படித்தான் படித்தேன். இப்போது எனக்கு அது எல்லாப் பணம் கொடுப்பவர்களைப் பற்றிய காட்சியாகத் தெரிகிறது. கொடுக்கிற கை ஒரு பதிலை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பதிலைச் சொல்லாவிட்டால் பணம் வேறொரு நல்ல காரியத்துக்குப் போய்விடும். நிராகரிக்கிறவருக்கு மனச்சாட்சி உறுத்தாது, ஏனென்றால் அவர் பணத்தை நல்ல காரியத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்.

நம் ஊரில் இந்தப் பால்யத்துக்கு முதலில் தமிழ் தந்தவர்களில் சல்மா முக்கியமானவர். துவரங்குறிச்சியில், பதின்மூன்று வயதில், பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். தோழிகளோடு தியேட்டருக்குப் போய் ஒரு படம் பார்த்ததுதான் உடனடிக் காரணம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சினிமா பார்த்ததற்காக அடைக்கப்பட்ட அவரைப் பற்றி, 2013இல், இங்கிலாந்தைச் சேர்ந்த கிம் லாங்கினாட்டோ 'சல்மா' என்று ஆவணப்படம் எடுத்தார். சண்டான்ஸ் விழாவில் அது திரையிடப்பட்டது. நேர்மையான படம். ஆனால் அதில் அந்தச் சிறுமி இல்லை, இருக்கவும் முடியாது. நடுவயதுப் பெண் திரும்பிப் பார்த்துச் சொல்கிற ஞாபகமாகத்தான் அவள் இருக்கிறாள். 2004இல் வந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ராபியா இருக்கிறாள். விளையாடுகிறாள், பொய் சொல்கிறாள், பெரியவர்களின் கொச்சைப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்கிறாள். அடைபடப் போவது வாசகனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்கு நூறு வேலைகள் இருக்கின்றன. நாவலுக்கு இது சாத்தியமானதற்கு ஒரு எளிய காரணம் உண்டு: ராபியாவைப் பற்றி யாருக்கும் முன்கூட்டியே விண்ணப்பம் போட வேண்டியிருக்கவில்லை.

அதனால் வெளிநாட்டுப் பணம் கெட்டது, நம் ஜனங்களின் பணம் சுத்தமானது என்று ஒரு சூத்திரத்துக்கு வந்துவிட எனக்கு விருப்பமில்லை. திலீப்குமாரின் 'ஒரு குமாஸ்தாவின் கதை'யை வைத்து அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்', ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதியைப் பெற்ற படம். 2020இல் அங்கேயே திரையிடப்பட்டது. கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவனின் ஒருநாளை, அவசரமில்லாமல், அவன் பீடியும் கவிதையுமாகக் காட்டுகிறது. டச்சுப் பணம் அதன் தமிழைக் கெடுக்கவில்லை. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2019இல் பூசான் விழாவுக்குப் போனது. அது பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் முடிந்தது. ஆக, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, எதைச் சொல்லிக் கேட்டோம் என்பதே விஷயம்.

இதற்கு இரண்டு முன்னுதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஷியாம் பெனகலின் 'மந்தன்' 1976இல் வந்தது. குஜராத் பால் கூட்டுறவு சங்கங்களின் விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம். லாரிகளில் ஏறிவந்து பார்த்தார்கள். 2024இல் புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் விழாவில் காட்டப்பட்டது. நல்ல படம்தான். ஆனால் அந்த இரண்டு ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது: பால் கூட்டுறவின் கதை. கொடுத்தவன் தன் முகத்தையே திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஜான் ஆபிரகாம் வேறு மாதிரி. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதித் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த அதே ஜான். கேரளத்தில் நண்பர்களோடு ஒடேஸா என்று இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகப் போய், சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, பார்த்தவர்களிடம் கையேந்தி 'அம்ம அறியான்' (1986) படத்துக்குப் பணம் சேர்த்தார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நாம் கவனிக்காமல் விட்டது. சாப்ளினைக் காட்டிவிட்டுத்தான் துண்டை விரித்தார்கள். ஜனங்கள் பணம் போட்டது அன்றிரவு தாங்கள் பார்த்த சினிமா என்கிற அனுபவத்துக்கு. வரப்போகிற படத்தின் முடிவு அவர்கள் பேரத்தில் இல்லை. ஒரு மகனின் சாவை அவன் தாயிடம் சொல்ல ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, முன்கூட்டி ஒரு பக்கத்தில் எழுதிக் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? ஜான் அடுத்த வருஷமே இறந்துபோனார். அந்த முறையும் அவரோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

நான் வங்கிக் குமாஸ்தா. 'விவரம்' என்ற பத்தியை நிரப்பாத வவுச்சரைத் திருப்பிக் கொடுப்பது என் அன்றாட வேலை. கலைக்குக் கொடுக்கிற பணத்துக்கு மட்டும் அந்தப் பத்தியைக் காலியாக விட வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். முரண்பாடு எனக்குத் தெரிகிறது. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று கடைசி ரூபாய் வரை காட்டலாம், காட்ட வேண்டும். அந்தப் பெண் வாசல்படியில் நின்று என்ன செய்தாள் என்பது அந்தக் கணக்கில் வராது.

அம்பத்தூரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், வேஷ்டி கட்டிச் சாப்ளினைத் திரையிட்டோம். முதல் தடவை முப்பது பேர், இரண்டாவது தடவை மழை. பையில் விழுந்ததும் ஜி.பே.யில் வந்ததும் சேர்த்து, வேண்டியதில் பாதிகூட இல்லை. பெரியவரின் பணம் இன்னும் காத்திருக்கிறது. என் முதல் கடிதத்தைத் திரும்ப அனுப்பினால் மற்றதும் வந்துவிடும். அவர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. ஒலி சேராமலே படம் கிடக்கலாம் என்பது அவருக்குத் தெரியும்.

'எழுத்து'க்காகச் செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதை நாம் கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பத்திரிகைக்குச் சந்தா அனுப்புகிற நீங்கள் யாரும், அடுத்த இதழில் வரப்போகிற கவிதை எப்படி முடியும் என்று கேட்டு எழுதியதில்லை. அந்த மரியாதையை அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் இருபது நிமிஷப் படத்துக்கும் தர முடியுமா என்பதுதான் என் கேள்வி. ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. விவரம் என்ற பத்தியை நான் நிரப்புவதில்லை.