ராபர்ட் என்ன வேலை பார்த்தார்?

கண் தெரியாத பாத்திரம் ஒன்று வந்துவிட்டால் கதாசிரியர்களுக்கு ஒரு தடுமாற்றம் உண்டாகிறது. புறக்கண் இல்லாதவனுக்கு அகக்கண்ணையாவது கொடுத்தே தீரவேண்டும் என்று நினைக்கிறார்கள். மாதம் பிறந்தால் அவன் வாடகைக்கு என்ன செய்கிறான் என்ற கேள்வியே அவர்களுக்கு எழுவதில்லை. டிக்கன்ஸ் 1845-ல் எழுதிய 'தி கிரிக்கெட் ஆன் தி ஹார்த்' என்ற குறுநாவலில் பெர்த்தா பொம்மைகளுக்கு உடை தைக்கிறாள். ஆனால் ஆசிரியரின் கவனமெல்லாம், இடிந்த வீட்டை நல்ல வீடென்று சொல்லி அவளை ஏமாற்றி வைத்திருக்கும் தகப்பன்மீதுதான்.

அமெரிக்கரான ரேமண்ட் கார்வர் 1981-ல் வெளியிட்ட 'கதீட்ரல்' என்ற சிறுகதையை எல்லோரும் அதன் முடிவுக்காகப் புகழ்கிறார்கள். கதை சொல்லும் கணவன் காகிதத்தில் தேவாலயம் ஒன்றை வரைய, விருந்தாளியாக வந்த ராபர்ட் அவன் கைமேல் தம் கையை வைத்து அதை அறிந்துகொள்கிறார். அந்த இடம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் நான் இக்கதையைத் திரும்பப் படிப்பது வேறு சில வரிகளுக்காக.

அந்தக் கணவனின் மனைவி முன்பு ஸியாட்டில் நகரில் கைச்செலவுக்கு வழியில்லாமல் இருந்தவள். விளம்பரம் பார்த்து ராபர்ட்டிடம் வேலைக்குச் சேர்கிறாள். அறிக்கைகளைப் படித்துக் காட்டுவதும், சமூகநல இலாகாவில் அவருடைய சிறிய ஆபீஸை ஒழுங்கு செய்வதும் வேலை. கண் தெரியாதவருக்கு உத்தியோகம். கண் தெரிந்தவளுக்கு அவரிடம் வேலை! இதைக் கார்வர் சத்தம் போடாமல் சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த ஆபீஸுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் உண்டு. ஊனமுற்ற பொதுமக்களைத் தொழிலில் அமர்த்த அமெரிக்காவில் 1920-ல் சட்டம் வந்தது. 1943-ம் வருஷத் திருத்தம் கண் தெரியாதவர்களையும் வெளிப்படையாகச் சேர்த்தது. 1973-ம் வருஷச் சட்டம், படித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்வதையும் சேவைகளுள் ஒன்றாக எழுதி வைத்தது. பிரெய்ல், கைத்தடிப் பயிற்சி போல அதுவும் தொழிற்கருவிதான், தருமம் அல்ல.

ஆனால் சட்டம் எப்போதும் இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொள்ளவில்லை. 1938-ல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த சட்டமே, ஊனமுற்றவர்களுக்கு அதற்கும் குறைவாகக் கொடுக்க விதிவிலக்கு அளித்தது. அதே வருஷத்தில் இன்னொரு சட்டம், கண் தெரியாதவர்கள் செய்த துடைப்பங்களைச் சர்க்காரே வாங்க வழி செய்தது. துடைப்பத்துக்குச் சந்தை கிடைத்தது. கட்டியவருக்கு முழுக்கூலி நிச்சயமில்லை.

சட்டம் குருடு என்று சொல்வது முழு இருட்டையும் அல்ல. சாதாரணக் கண் இருநூறு அடியிலிருந்து காண்பதை, கண்ணாடி போட்டும் இருபது அடிக்கு வந்தால்தான் காண முடிகிறவர் அமெரிக்கச் சட்டப்படி பார்வையற்றவர். இவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. அவர்களையும் உதவி நிலையங்கள் முழுக் குருடர்களாக இருக்கப் பழக்குகின்றன என்று ராபர்ட் ஸ்காட் என்ற சமூகவியலாளர் 1969-ல் 'தி மேக்கிங் ஆஃப் பிளைண்ட் மென்' என்ற புத்தகத்தில் குற்றம் சாட்டினார். கார்வரின் ராபர்ட், அந்த வீட்டில் ஓடுவது கலர் டெலிவிஷன் என்று கண்டுபிடிக்கிறார். வேடிக்கை என்று சிரிக்கலாம். எனக்கு ஸ்காட் நினைவுக்கு வருகிறார்.

இனி என் குறை. ஆபீஸில் இருந்த அதே ராபர்ட், பத்து வருஷத்துக்குப் பின் எல்லா வேலையிலும் கொஞ்சம் கைவைத்தவராக வருகிறார். கடைசியாக மனைவியோடு சேர்ந்து ஆம்வே சாமான்கள் விற்று ஏதோ காலம் தள்ளியிருக்கிறார். உத்தியோகம் என்னவாயிற்று? கணவன் கேட்கமாட்டான், அவன் சுபாவம் அப்படி. ஆனால் அந்த ஆபீஸைக் கட்டி ஒழுங்கு செய்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே! அவள் வாயிலிருந்தாவது அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். இவ்விடத்தில் கார்வர் தம் கணவன் பாத்திரத்தைப் போலவே அவசரப்பட்டுவிட்டார்.

இருந்தும், உத்தியோகத்தைப் பற்றிய கேள்வி கதையில் இல்லாமல் இல்லை. கேட்பவர் ராபர்ட். இந்த வேலையில் எத்தனை வருஷமாக இருக்கிறாய், பிடித்திருக்கிறதா, தொடர்ந்து இருப்பாயா என்று கணவனை விசாரிக்கிறார். மூன்று வருஷம், பிடிக்கவில்லை, வேறு வழி என்ன இருக்கிறது என்கிறான் அவன். சற்று நேரத்தில் எழுந்து போய் டெலிவிஷனைப் போடுகிறான்.