மிஞ்சிய ஊரும் கிடைக்காத ஊரும்

கையில் அகப்பட்ட பொருளிலிருந்து புது வடிவம் காணும் வித்தையை இலங்கைக்குக் கற்றுக்கொடுத்தது தட்டுப்பாடு. மும்பைக்குள் இருக்கும் தாராவிக்குக் கற்றுக்கொடுத்தது அந்நகரம் கழித்துத் தள்ளும் மிகுதி. இரண்டிடத்துக் கைகளும் வெவ்வேறாகப் பழகியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஓடு, மரம், கல், உள்முற்றம் என உள்ளூரில் கிடைத்தவற்றைக் கொண்டே கொழும்பில் ஈனா டி சில்வாவின் வீட்டைக் கட்டினார். 33ஆம் ஒழுங்கையில் உள்ள பாவாவின் சொந்த வீட்டில் செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன. அவர் தூணைத் தூணாகவே விட்டார். அதைச் சுற்றி வெளிச்சத்தையும் வெற்றிடத்தையும் அமைத்தார்.

பாவாவுக்காவது தேர்ந்தெடுக்க இடமிருந்தது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு அதுவும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது உறிஞ்சும் அளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்கேற்றினார்கள். போத்தலின் கண்ணாடியே சிமினி. பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி செய்தி சொன்னது. பொருளின் உருவம் அப்படியே இருக்க, வேலை மட்டும் மாறியது. உலகின் எந்த வடிவமைப்புப் பாடநூலிலும் இடம்பெறத் தகுதியுள்ள விளக்கு அது.

தாராவியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மாட்டுங்கா, செம்பூர் தொடங்கி நகரெங்கும் சேரும் பங்கார் எனும் பழைய சரக்கு தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் வந்து இறங்குகிறது. பிளாஸ்டிக் பக்கெட், பொம்மை, நாற்காலிக் கால் எதற்கும் அங்கே பழைய உருவம் மிஞ்சாது. தரம் பிரிப்பவர் துண்டை வளைத்துப் பார்க்கிறார், தட்டிச் சத்தம் கேட்கிறார், சந்தேகம் வந்தால் ஓரத்தைக் கொளுத்தி வாசனை பிடிக்கிறார். பிறகு நிறம்வாரியாக அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கி, தானா எனப்படும் குருணைகளாக வெட்டுகிறார்கள். அரைக்கும் இயந்திரங்களையும் தாராவிப் பட்டறைகளே செய்கின்றன. எண்ணெய் டின்கள் மட்டும் விதிவிலக்கு: ஒடுக்கு எடுத்து, கழுவி, டின்னாகவே திரும்ப அனுப்பப்படுகின்றன. பக்கத்துக் கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பஞ்சுக் கழிவை எரித்துச் சூளை மூட்டுகிறார்கள். ஒரு தொழிலின் குப்பை இன்னொன்றின் விறகாகிறது.

அந்தச் சூளைப் புகையும் பிளாஸ்டிக் உருகும் ஆவியும் அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலுக்குள் போகின்றன. அதைச் சொல்லாமல் தாராவியின் சாமர்த்தியத்தைப் புகழ்வது நியாயமில்லை.

வடிவமைப்பு மாணவர்கள் தாராவிக்கு வருகிறார்கள். நிறக்குவியல்களைப் படமெடுத்துப் போகிறார்கள். அந்த நிறங்களைப் பிரித்துவைத்த கை படத்தில் இருப்பதில்லை. பாவாவின் தூணுக்குப் பெயரும் ஊரும் உண்டு, தானாவுக்கு இரண்டும் கிடையாது. 2016இல் வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக நகர்த்திய ‘டிசைன் மியூசியம் தாராவி’ இந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்தது. தாராவியில் செய்த பொருட்களை அங்கேயே, செய்தவர்களின் அண்டை அயலாருக்கு முன்னால் காட்சிக்கு வைத்தது. அது சிறு முயற்சிதான், ஆனால் சரியான திசையில் போனது.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் வென்றது. அப்போதிருந்து பேச்சு பெரும்பாலும் யாருக்கு எத்தனை சதுர அடி வீடு என்பதைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால் தொழிலுக்கும் இடம் வேண்டும். அரைத்த பிளாஸ்டிக்கை உலர்த்தக் கூரை வேண்டும். சரக்கு இறக்கத் தரைத்தளம் வேண்டும். பிரிப்பவரும் உருக்குபவரும் இயந்திரம் பழுதுபார்ப்பவரும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். நல்ல புகைபோக்கியும் வேண்டும். அடுக்குமாடிக்கான வரைபடங்களில் இவற்றுக்கு இடம் ஒதுக்க, தரம் பிரிப்பவர்களையும் மேசையில் உட்காரவைத்துத்தான் கோடு போட வேண்டும்.