ரொஸ்ஸினியில் ஏப்ரல் எங்கே?

போன டிசம்பர் கடைசியில் நண்பன் ஒருவன் வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். வெளியே விடாத மழை. 'இன்னிக்கு பியர் கிடையாது, ரொஸ்ஸினி செய்யப்போறேன்' என்று அறிவித்தான். ரொஸ்ஸினி என்பது ஸ்ட்ராபெரிக் கூழில் ஸ்பார்க்ளிங் வைனை ஊற்றிச் செய்யும் இத்தாலியக் காக்டெயில். கைப்பேசியில் செய்முறை திறந்திருந்தது. 'பருவத்துக்குரிய புத்தம்புது பெர்ரிகளை எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் அதன் முதல் வரி இருந்தது. பக்கத்திலேயே பேரங்காடியில் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பெட்டி. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். சிவப்பு இருந்தது. புளிப்பும் கொஞ்சம் இருந்தது. வாசனைதான் இல்லை. அவன் இரண்டு கரண்டி சீனியைச் சேர்த்து அரைத்தான். குடித்தோம். நல்லாத்தான் இருந்தது.

ஆனால் அந்த முதல் வரி உறுத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பருவம்? யாருடைய பருவம்? கேட்டுவிட்டேன். 'டேய், குடிக்கிற விஷயத்துல எல்லாம் விமர்சனம் பண்ணாத' என்றான். அவன் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதற்கு இந்தக் கட்டுரையே சாட்சி.

செய்முறையும் ஒரு பிரதிதான். அதற்கும் காலம், இடம், சொல் எல்லாம் உண்டு. ரொஸ்ஸினி எந்தக் குடும்பத்தில் பிறந்ததோ அந்தக் குடும்பத்தை ஒரு பிரதியாகவே வாசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பெல்லினி. பிறந்த இடம் வெனிஸ் நகரத்தின் ஹாரிஸ் பார். 1931இல் ஜுசெப்பே சிப்ரியானி என்பவர் திறந்த சின்னக் கடை அது. ஹாரி பிக்கரிங் என்ற அமெரிக்க இளைஞர் கைச்செலவுக்குக் காசில்லாமல் நின்றபோது, விடுதியில் பரிமாறுபவராக இருந்த சிப்ரியானி அவருக்குக் கடன் கொடுத்தாராம். பின்னாளில் அவர் பல மடங்காகத் திருப்பிக் கொடுக்க, அந்தப் பணத்தில் பிறந்த கடைக்கு அவர் பெயரே வந்தது. சிப்ரியானி தன் மகனுக்கு அர்ரிகோ என்று பெயர் வைத்தார். ஹாரி என்பதன் இத்தாலிய வடிவம் அது. மகன் பெயரைக் கடைக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே கடையின் பெயர் மகனுக்குப் போனது.

கோடையில் வெனிஸ் சந்தைகளுக்கு வெள்ளைப் பீச் பழம் வரும். ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். சிப்ரியானி அதைக் கையால் பிழிந்து, சல்லடையில் வடித்து, அந்த வட்டாரத்தின் புரொசெக்கோ வைனோடு கலந்தார். ஒரு பங்கு பழம், மூன்று பங்கு வைன். வந்த நிறம் ஓர் இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பை அவர் ஏற்கெனவே எங்கோ பார்த்திருந்தார். பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் படமொன்றில், ஒரு புனிதரின் அங்கியில். பானத்துக்குப் பெல்லினி என்று பெயர் வைத்தார். 1940களின் கடைசியில் அந்தப் பெயர் நிலைத்தது. 1950இல் அதே கடையில் மெல்லிசாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சிக்கு இன்னொரு வெனிஸ் ஓவியரின் பெயரைச் சூட்டினார்: கார்பாச்சோ. அந்த இறைச்சியின் சிவப்பு அவரது ஓவியங்களின் சிவப்பு.

இதை உவமை என்றே சொல்வேன். ஒருவன் ஒரு பொருளைப் பார்க்கிறான், அதில் வேறொன்று தெரிகிறது, சொல்லிவிடுகிறான். கண் பார்த்த பிறகுதான் பெயர் வந்தது.

அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள். ஸ்ட்ராபெரி போட்டால் ரொஸ்ஸினி. மாண்டரின் ஆரஞ்சு போட்டால் புச்சினி. மாதுளை போட்டால் தின்தொரெத்தோ. இன்று உலக பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் பெல்லினிக்குக் கீழே இவை மூன்றும் அதன் மாற்று வடிவங்களாக நிற்கின்றன. பழம் மாறும்போதெல்லாம் ஒரு புகழ்பெற்ற இத்தாலியர் வந்து சேர்கிறார். ஸ்ட்ராபெரிக்கும் இசையமைப்பாளர் ரொஸ்ஸினிக்கும் என்ன உறவு? அவர் பெரிய சாப்பாட்டுப் பிரியர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தின்தொரெத்தோ மட்டும் தப்பித்துவிடுகிறார். அந்தப் பெயருக்குச் 'சின்னச் சாயக்காரன்' என்று பொருள், அப்பா துணிக்குச் சாயம் போடுபவர். மாதுளையும் கையில் கறை விடும் பழம். தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனாலும் பொருந்துகிறது. மற்ற இரண்டும் வாய்பாடு. முதல் கவிஞன் கண்டதைப் பின்னால் வந்தவர்கள் அச்சாக்கிக்கொள்வதை நாம் கவிதையில் பார்த்ததில்லையா?

பெயர் போகட்டும். ஸ்ட்ராபெரியிடமே வருவோம். இத்தாலியில் அதன் காலம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. பீச்சுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பீச்சைப் பறித்து மேசைமேல் வைத்தால் கனியும். ஸ்ட்ராபெரி கனியாது. பறித்த பிறகு சிவப்பு கூடலாம், இனிப்பு கூடாது. காம்பைக் கிள்ளிய கணத்தில் அதன் கதை முடிந்துவிடுகிறது. நெடுந்தூரம் போக வேண்டிய பழத்தை நசுங்காமல் இருக்கக் கொஞ்சம் முன்னாலேயே பறிப்பார்கள். அது கப்பலிலும் விமானத்திலும் எத்தனை நாள் வந்தாலும் அந்த 'கொஞ்சம் முன்னால்' என்ற நேரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். நண்பன் வீட்டில் நான் கடித்தது அந்த நேரத்தைத்தான். சிவப்பு நம்மை ஏமாற்றிவிட்டது.

இந்தச் சிக்கல் வெனிஸுக்கும் வந்தது. பெல்லினி முதலில் கோடையில் மட்டும் கிடைத்த பானம். பெயர் பரவியதும் எல்லா ஊரிலும் எல்லா மாதமும் கேட்டார்கள். பதப்படுத்திய பீச் கூழ் வந்தது, பானம் ஆண்டு முழுக்க ஓடியது. பிறகு போத்தலில் அடைத்தே விற்றார்கள். 2001இல் இத்தாலியப் பண்பாட்டு அமைச்சு ஹாரிஸ் பாரைத் தேசிய அடையாளமாக அறிவித்தது. கடையை அப்படிப் பாதுகாக்க முடியும். செப்டம்பரில் முடிந்துபோகும் ஒரு பழத்தை எந்த அமைச்சு பாதுகாக்கும்?

இந்தக் கடைக்கு இலக்கியத்திலும் இடமுண்டு. ஹெமிங்வே 1949-50 குளிர்காலத்தில் இங்கே வாடிக்கையாளர். 1950இல் வெளிவந்த 'அக்ராஸ் த ரிவர் அண்ட் இன்டு த ட்ரீஸ்' நாவலில் வயதான கர்னலும் அவரது இளம் காதலியும் இந்த பாரில்தான் உட்கார்ந்து மார்ட்டினி குடிக்கிறார்கள். பனிக்காலம், வாத்து வேட்டைக் காலம். வெள்ளைப் பீச்சுக்கு வேலையில்லாத காலம். பருவம் பார்க்காத பானம் மார்ட்டினிதான். அந்த நாவலை அன்றைய விமர்சகர்கள் பலர் புரட்டியெடுத்தார்கள், ஹெமிங்வே தன்னையே நகல் எடுக்கிறார் என்றார்கள். ஈ.பி. வைட் அதைப் பகடி செய்து எழுதிய கதை நியூயார்க்கரில் வந்தது. எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. ஒரு நடை பிறந்த சூழலிலிருந்து கழன்று வாடிக்கையாகிவிட்டால் எழுதியவரே எழுதினாலும் அது பதப்படுத்திய கூழ்தான். இரண்டு ஆண்டுகளில் அவர் 'த ஓல்ட் மேன் அண்ட் த சீ' மூலம் மீண்டது வேறு கதை.

அப்படியானால் சேமித்து வைப்பதே தப்பா? இல்லை. பிரான்சின் டிஜோன் நகரம் அதற்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. அங்கே கருந்திராட்சை போலிருக்கும் காசீஸ் என்ற பெர்ரி விளைகிறது. கோடையில் பறித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துக் 'கிரெம் து காசீஸ்' என்ற மதுவாக்கிவிடுவார்கள். அதைக் கொஞ்சம் ஊற்றி மேலே ஷாம்பெய்ன் நிரப்பினால் கிர் ரோயால். நகரத்தின் மேயராக 1945 முதல் 1968 வரை இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர், விருந்தினர்களுக்கெல்லாம் காசீஸ் கலந்த வெள்ளை வைன் கொடுத்துக் கொடுத்தே அவர் பெயர் அதற்கு வந்துவிட்டது. ஜனவரியில் கிர் ரோயால் குடிப்பவரை யாரும் ஏமாற்றவில்லை. இது போன கோடையின் பழம் என்பது அந்த அடர்த்தியிலேயே, அந்தத் தித்திப்பிலேயே தெரிகிறது. அது நினைவு. நினைவு என்று சொல்லிக்கொண்டே வரும் நினைவு.

ஆக மூன்று வழிகள். பெல்லினியின் வழி: அந்த நேரத்தில் அங்கே இருப்பது. கிர் ரோயாலின் வழி: நேரம் போய்விட்டதை ஒப்புக்கொண்டு காய்ச்சி வைப்பது. மூன்றாவது, டிசம்பர் ஸ்ட்ராபெரிக்குச் சீனி போட்டு அதை ஏப்ரல் என்று சொல்வது.

நம் எழுத்தில் மூன்றாவதுதான் அதிகமாகிறதோ என்று பயப்படுகிறேன். இலை உதிராத ஊரில் இருந்துகொண்டு இலையுதிர் காலத்துப் பிரிவை எழுதுகிறோம். பனியைக் குளிர்பதனப் பெட்டியில் மட்டும் பார்த்தவர்கள் பனிவிழும் இரவை எழுதுகிறோம். இது சின்னக் குற்றம், சிரித்துவிட்டுப் போகலாம். பெரியது வேறு. தோட்டத்தில் ஒரு நாளும் வாழாத என் தலைமுறை, லயத்து வீட்டையும் பால்மரத்தையும் கள்ளுக்கடையையும் நேற்றுப் பார்த்ததுபோல எழுதுகிறது. தாத்தா பாட்டி சொன்னதை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. 'எனக்குச் சொன்னார்கள், நான் இவ்வளவுதான் கேட்டேன், மிச்சத்தைக் கேட்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்' என்று எழுதினால் அது காசீஸ். அந்த இடைவெளியில்தான் அடர்த்தி இருக்கிறது. அதை மறைத்து, பாட்டியின் கண்ணீரை நம் கண்ணீராக ஊற்றிக் கொடுக்கும்போது வாசகர் கையில் இருப்பது வாசனையில்லாத சிவப்பு.

'அப்ப ஸ்ட்ராபெரியை விடு, ரம்புத்தானைப் போட்டு ஒரு காக்டெயில் செய், பிரச்சினை தீர்ந்தது' என்று ஒருவர் சொல்லலாம். தீராது. டின்னில் அடைத்த ரம்புத்தானைப் போட்டுவிட்டு 'நம் மண்ணின் சுவை' என்று பெயர் வைப்பதும் அதே வாய்பாடுதான். பழத்தின் ஊர் எனக்குப் பிரச்சினையில்லை. அதன் நேரம்தான் பிரச்சினை. நமக்கும் நேரங்கள் உண்டு. டுரியான் காலத்தின் சில வாரங்கள், புகைமூட்டம் கவிந்த நாட்கள், மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும் பிற்பகல் மழை. நான்கு பருவம் இல்லாததால் காலமே இல்லாத ஊர் என்று நம் ஊரை நாமே நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு ஒருமுறை ரொஸ்ஸினியை நானே செய்து பார்த்தேன். கேமரன் மலைக்குப் போயிருந்தபோது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அங்கே ஸ்ட்ராபெரி ஆண்டு முழுக்கக் காய்க்கிறது. ஏப்ரலும் இல்லை, டிசம்பரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு நாள் இருக்கிறது. காம்படி வரை சிவந்து, கிட்டே போனாலே மணக்கும் நாள். அதற்கு முந்திய நாள் பறித்தால் புளிப்பு, பிந்தினால் அழுகல். நாட்காட்டியில் பருவம் இல்லாத ஊரில் அது பழத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட நாலைந்து பழத்தை முள்கரண்டியால் மசித்து, சல்லடையில் தேய்த்து விதையை நீக்கினேன். சீனி வேண்டியிருக்கவில்லை. கூழும் வைனும் இரண்டுமே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடு ஏறினால் வாயு தங்காது. 50 மில்லி கூழ், 100 மில்லி புரொசெக்கோ. போத்தலில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம், 'புரூட்' என்பதைவிட அதில்தான் இனிப்பு அதிகம். சொற்கள் செய்யும் சேட்டை எல்லா ஊரிலும் உண்டு. கூழ் முதலில், வைன் பிறகு, அதுவும் சாய்த்துப் பிடித்த குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக. கூழின் நார்த்துகள்களைப் பற்றிக்கொண்டு வாயு ஒரேயடியாகக் கிளம்பும், அவசரப்பட்டால் பாதி மேசைக்குப் போய்விடும். நுரை அடங்கியதும் கரண்டியை ஒருமுறை மட்டும் அடியிலிருந்து மேலே இழுத்துவிட வேண்டும். காத்திருந்து, ஊற்றி, மறுபடி காத்திருந்து குடித்தேன்.

நண்பனுக்குப் படம் அனுப்பினேன். 'கலர் கம்மியா இருக்கே' என்று பதில் வந்தது. உண்மைதான். அவனுடையது இதைவிடச் சிவப்பாக இருந்தது.

தமிழில் பதம் என்றால் பக்குவம். பதம் என்றால் சொல்லும்கூட. இரண்டுக்கும் ஒரே சோதனைதான் இருக்கிறது: நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்க்க வேண்டும். அடுத்தமுறை 'புத்தம்புது' என்று எழுதக் கை போகும்போது, அது என்றைக்குப் பறித்தது என்று நானும் ஒருமுறை கேட்டுக்கொள்ளப் போகிறேன்.