‘பயனாளி’ என்கிற சொல்

அரசு வீட்டுத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் ஊழலோடு நிறுத்திக்கொள்கிறோம். யார் எவ்வளவு வாங்கினார் என்பதைத் தாண்டி, திட்டத்தின் மொழியை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதில்லை. அதன் மையச்சொல் ‘பயனாளி’. அரசு கொடுக்கும், இவர் வாங்கிக்கொள்வார் என்பது அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கதையாடல்.

நடப்பது வேறு. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதமர் பெயருக்கு மாறியது. 25 சதுர மீட்டர் வீட்டுக்குச் சமவெளியில் மத்திய நிர்ணயம் 1.20 லட்சம் ரூபாய். தமிழக அரசு கூரைக்கெனத் தனியே சேர்க்கிறது. பணம் கட்டுமான நிலைகளையொட்டித் தவணைகளில் வரும். ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சிமெண்டும் கம்பியும் யார் காசு? வட்டிக்காரன் காசு. நிலமும் இவருடையது, உழைப்பும் இவருடையது, கடனும் இவருடையது. பிறகு வீட்டின் முன் நின்று போட்டோவுக்கும் முகம் காட்டவேண்டும்.

நிலமே இல்லாதவர்? வட மாவட்டங்களின் ஏரிக்கரைகளில் வாழும் இருளர்களைப் பாருங்கள். வீடு கேட்டால், ‘பட்டா இருக்கா?’ பட்டா கேட்டால், ‘இது நீர்நிலைப் புறம்போக்கு, தரமுடியாது.’ ‘சரி, சாதிச் சான்றிதழ்?’ பழங்குடிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். விசாரணைக்கு இருப்பிடம் வேண்டும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டவரின் இருப்பிடம் எது? வீடில்லாதவர் வீடு கேட்க முதலில் முகவரி காட்டவேண்டும் என்பதே இந்தச் சொல்லாடலின் சூட்சுமம். 2023இல் நலிவுற்ற பழங்குடிகளுக்கென்று தனியாக ‘ஜன்மன்’ திட்டம் வந்தது. அதன் பட்டியலில் இருளர் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாத இந்தக் கிழவி இருக்கிறாளா என்பது வேறு கேள்வி.

ஆகவே திட்டமே அரசின் தந்திரம் என்று ஒதுக்கிவிடலாமா? அது கோட்பாடு படித்தவர்களின் சௌகரியம். மழையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு உட்காருகிறாளே, அவள் ஏமாளி அல்ல. அரசு தனக்கு எழுதிவைத்த பாத்திரத்தை அங்கே அவள் மறுக்கிறாள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவளாக அல்ல, ‘எங்கேய்யா என் வீடு?’ என்று கணக்குக் கேட்பவளாக வருகிறாள்.

2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அடுத்து ‘பயனாளி’யையும் எடுக்கலாம். அந்த இடத்தில் ‘உரிமையாளர்’ என்று எழுதிப் பாருங்கள். பட்டாவைத் தேடி யார் யாரிடம் அலையவேண்டும் என்பது தலைகீழாகிவிடும்.