இரண்டு மோதிரங்களும் ஒரு தீர்ப்பும்

நவீன அரபு இலக்கிய வகுப்பில் ஒருநாள் 'தாஜிருல் புந்துகிய்யா' என்ற நாடகத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, பொருள் கூறுமாறு மாணவர்களைக் கேட்டேன். "துப்பாக்கி வியாபாரி" என்றார் ஒரு மாணவர். வகுப்பு சிரித்தது. பிழை அவருடையதன்று. இன்றைய அரபியில் 'புந்துகிய்யா' துப்பாக்கியையும் குறிக்கும், வெனிஸ் நகரத்தையும் குறிக்கும். லெபனானில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த கவிஞர் கலீல் முத்ரான், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிக'னுக்கு இட்ட அரபுப் பெயர் அது.

கதையைச் சொல்லி முடித்ததும் வேறொரு மாணவர் எழுந்தார். "யூதன் தோற்றான் என்றால் நாம் மகிழ வேண்டியதுதானே, ஹஜ்ரத்?" இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையசைத்தனர். முதல் மாணவரின் பிழையைத் திருத்த அகராதி போதும். இரண்டாமவரின் பிழையைத் திருத்த நாடகத்தையே மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

சாவியை ஒப்படைத்த தந்தை

1596-97ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு 1600இல் அச்சேறிய இந்நாடகத்தின் கதை பலரும் அறிந்ததே. நண்பன் பஸானியோவின் திருமணச் செலவுக்காக வணிகன் அந்தோணியோ, யூதனான ஷைலக்கிடம் மூன்று மாதத் தவணையில் 3000 பொற்காசுகள் கடன் பெறுகிறான். தவணை தவறினால் கடன்காரனின் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதையை அறுத்துக்கொள்ளலாம் என்பது முறியின் நிபந்தனை. கப்பல்கள் வராமற் போக, வழக்கு மன்றம் ஏறுகிறது. ஆண் வேடமிட்ட போர்ஷியா, சதையை எடுக்கலாம், ஒரு துளி இரத்தமும் சிந்தக் கூடாது என்று கூறி வழக்கைத் திருப்புகிறாள்.

வட்டியின் கொடுமைக்கு இக்கதையை உவமையாகக் காட்டும் சொற்பொழிவாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. ஷைலக் வாழ்நாளெல்லாம் வட்டி வாங்கியவன்தான். ஆனால் இந்த ஒரு கடனை மட்டும் அவன் வட்டியின்றிக் கொடுக்கிறான். நாடகத்தின் கொடுமை முழுவதும் வட்டியில்லாத அந்தக் கடனிலிருந்தே பிறக்கிறது. எனவே நோயின் வேரை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தோணியோ அவனைப் பொதுவிடத்தில் நாயென்று ஏசியவன், அவன் தாடிமேல் உமிழ்ந்தவன், காலால் உதைத்தவன். கடன் கேட்டு வந்த நேரத்திலும், இனியும் அப்படித்தான் செய்வேன் என்கிறான். அந்தப் பழைய பகை கனன்றுகொண்டே இருந்தது உண்மை. ஆயினும் முறி எழுதப்படும்போது அது வேடிக்கை என்ற போர்வையில்தான் எழுதப்படுகிறது. அதைக் கத்தியாக மாற்றியது பிறகு நடந்த வீட்டுத் துரோகம்.

விருந்துக்குச் செல்லும் ஷைலக், வீட்டுச் சாவிகளைத் தன் ஒரே மகள் ஜெஸிகாவிடம் ஒப்படைக்கிறான். அன்றிரவே அவள் பொன்னையும் மணிகளையும் வாரிக்கொண்டு லொரென்ஸோ என்ற கிறித்தவ இளைஞனுடன் வெளியேறுகிறாள். சாவி ஓர் அமானிதம். நம்பி ஒப்படைத்ததைக் களவாடுவது எந்தச் சமயத்திலும் துரோகமே. ஆனால் நாடகம் அதனை இளங்காதலின் துணிவாகக் காட்டுகிறது. களவாடப்பட்டவன் யூதன் என்பதே அதற்குப் போதிய நியாயமாகிவிடுகிறது.

ஷைலக்கைத் தூய தந்தையாகக் காட்டுவது என் நோக்கமன்று. நகைகள் காதில் இருக்க மகள் தன் காலடியில் பிணமாகக் கிடந்தாலும் தகும் என்று குமுறுபவன் அவன். மகள் நரகமென்று வெறுத்த வீடு அவனுடையது. அவன் மன்னிக்க மறுத்ததும் குற்றமே. மன்றத்தில் கடனைப்போல் பலமடங்கு தர முன்வந்தபோதும் அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். இயலாத கடனாளிக்கு அவகாசம் தருமாறு கட்டளையிட்டு, தள்ளுபடி செய்வது அதனினும் சிறந்தது என்று கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆவது வசனத்தை ஓதும் நாம் அவனுக்காக வாதாட முடியாது. வாதம் வேறு: அவன் குற்றவாளி என்பதால், அவன்மீது நடந்த குற்றங்கள் இல்லாமற் போய்விடுமா?

மோதிரங்கள்

ஜெஸிகா கொண்டுபோன பொருள்களில் ஒரு நீலப்பச்சைக்கல் மோதிரம் இருந்தது. திருமணத்திற்கு முன் லேயா ஷைலக்குக்கு அளித்தது அது. அதை ஒரு குரங்குக்கு மாற்றாக மகள் கொடுத்துவிட்டாள் என்று துபால் வந்து சொல்கிறான். காசுக்காக மட்டுமே அழுபவன் என்று நாம் எண்ணியிருந்த மனிதன், எந்த விலைக்கும் அதனைக் கொடுத்திருக்க மாட்டேன் என்று கதறுகிறான். நாடகத்தில் லேயாவின் பெயர் வருவது இந்த ஓரிடத்தில்தான். அந்தோணியோவின் நெஞ்சைப் பிளக்கும் உறுதி அவன் வாயிலிருந்து வெளிப்படுவதும் இதே காட்சியில்தான்.

நாடகத்தின் இறுதியில் வேறு மோதிரம் வருகிறது. உயிர் பிரியும்வரை கழற்றமாட்டேன் என்று ஆணையிட்டுப் போர்ஷியாவிடம் பெற்ற மோதிரத்தைப் பஸானியோ, வழக்கறிஞராக நடிக்கும் அவளுக்கே அறியாமல் கொடுத்துவிடுகிறான். ஐந்தாம் அங்கத்தில் பொய்ச்சினமும் சிரிப்புமாக அது மன்னிக்கப்படுகிறது. அன்பின் அடையாளமான மோதிரம் இரு வீடுகளிலும் கைமாறிப் போயிற்று. ஒரு வீட்டில் அது இனிய ஊடல். மற்றொரு வீட்டில் அது கேட்பாரற்ற துயரம். ஜெஸிகா அந்த ஐந்தாம் அங்க நிலவொளியில்தான் இருக்கிறாள். தாயின் மோதிரத்தைப் பற்றி ஒருவரும் அவளிடம் கேட்பதில்லை. பாரபட்சம் என்பது வசைமொழியில் மட்டும் இருப்பதன்று. யாருடைய இழப்பை இழப்பாகக் கணக்கெடுக்கிறோம் என்பதிலும் அது இருக்கிறது.

காழியின் முன் இந்த முறி

ஃபிக்ஹு கற்பிப்பவன் என்ற முறையில், இந்த முறி ஒரு காழியின் முன் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மனித உடல் விற்பனைப் பொருளன்று. அதனைப் பொருளாகக் கொண்ட ஒப்பந்தம் தொடக்கத்திலேயே பாத்திலானது, செல்லாதது. முதல் அமர்விலேயே முறி கிழிக்கப்பட்டிருக்கும், கடன் மட்டும் நிலைத்திருக்கும். இரத்தம், துளி என்ற சொற்சிலம்பத்திற்கு இடமே இருந்திராது. வெனிஸ் மன்றமோ முறி செல்லும் என்று ஒப்புக்கொண்டு, எழுதியவனையே அதில் சிக்கவைக்கிறது.

இரண்டாவது, நீதி வழங்குபவர் யார்? தீர்ப்பின் போக்கை முடிவு செய்யும் போர்ஷியா, எவனுக்காகக் கடன் வாங்கப்பட்டதோ அந்தப் பஸானியோவின் மனைவி. பெயரையும் உருவத்தையும் மறைத்து வந்தவள். தன் வாழ்க்கைத் துணைக்குச் சாதகமாகக் காழி வழங்கும் தீர்ப்பு செல்லாது என்பது ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் காணப்படும் விதி.

மூன்றாவது, இரக்கத்தின் மேன்மையைப் போற்றிய மன்றம் செய்ததென்ன? குடிமகன் ஒருவனின் உயிருக்கு அந்நியன் குறிவைத்தால் அவன் சொத்தெல்லாம் பறிபோகும் என்ற தனிச்சட்டம் வெளியே எடுக்கப்படுகிறது. குடிமகன் அந்நியனின் உயிருக்குக் குறிவைத்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. உயிர்ப்பிச்சையோடு, ஷைலக் கிறித்தவனாக வேண்டும், சொத்தை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிவைக்க வேண்டும் என்று அந்தோணியோ நிபந்தனை விதிக்கிறான். களவாடிச் சென்றவர்களே வாரிசுகளாகிறார்கள். மார்க்கத்தில் வற்புறுத்தல் இல்லை என்ற அடிப்படையில் வளர்ந்த வாசகர் இவ்விடத்தில் கைதட்ட முடியுமா? பழிவாங்குதல் அந்த மன்றத்தில் ஒழிக்கப்படவில்லை. அது கைமாறியது, அவ்வளவுதான்.

ஒரே ஊரில் ஆளுக்கொரு சட்டம் என்பது புதுச்சேரி வாசகருக்குப் புதிதன்று. தம் சமய, சாதி வழிப்பட்ட தனியுரிமைச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்ற ஆணை 1881 செப்டம்பர் 21இல் இங்கு வந்தது. கைவிட்டவர் பிறகு திரும்ப முடியாது. புதுக் குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டும். அது விருப்பத்தின்பாற்பட்டது, ஷைலக்குக்கு நேர்ந்தது வற்புறுத்தல், இரண்டும் ஒன்றல்ல. எனினும் முழு உரிமைக்கு விலையாகத் தன் அடையாளத்தில் ஒரு பகுதியை மனிதன் கொடுக்க நேர்வது எத்தகையது என்பதை இவ்வூரின் பழைய குடும்பங்கள் அறியும்.

அறியாதவர்மீது வெறுப்பு

இங்கிலாந்து 1290இல் யூதர்களை வெளியேற்றியது. ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் அவையினரில் மிகப் பெரும்பாலோர் வெளிப்படையாக யூதராக வாழ்ந்த ஒருவரைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. வெனிஸில் அவர்களை ஒரு தனிப்பகுதிக்குள் 1516இல் அடைத்தனர். 'கெட்டோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்ததே அப்பகுதிதான். வெறுப்புக்கு அறிமுகம் தேவையில்லை. பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'வாணிபுர வணிகன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். 1940இல் 'ஷைலக்' தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. யூதர்களோடு பழகியிராத நம் அவையிலும் ஷைலக் ஒரு வசைச்சொல்லாக நிலைத்தது.

அதே வாசலில் நாமும் நிற்கிறோம் என்பதை நாடகமே காட்டுகிறது. போர்ஷியாவைக் கேட்டுவரும் மொராக்கோ இளவரசன், தன் நிறத்துக்காக வெறுக்க வேண்டாம் என்று வேண்டியபடியே நுழைகிறான். அவன் தோற்று வெளியேறியதும், அந்த நிறத்தார் அனைவரும் இப்படியே தோற்கட்டும் என்கிறாள் இரக்கத்தைப் பற்றி நாடகத்திலேயே அழகாகப் பேசப்போகும் அந்தப் பெண். பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு மூர் பெண்ணின் மானம் வேலைக்காரனின் நகைச்சுவைக்கு இரையாகிறது. ஷைலக்கின் தோல்விக்குச் சிரிப்பவர், அடுத்த சிரிப்பு யாரைப் பற்றியது என்று பார்க்க வேண்டும்.

1943இல் நாஜி ஆட்சியின்கீழ் வியன்னா நகரில் இந்நாடகம் யூத வெறுப்பைத் தூண்டும் வகையில் மேடையேறியது. அதற்கு 129 ஆண்டுகளுக்கு முன், 1814இல், இலண்டனில் எட்மண்ட் கீன் அதே ஷைலக்கை மனிதனாக நடித்துக் காட்டியிருந்தார். பிரதி ஒன்றுதான். அதை எடுத்தாளும் நெஞ்சுதான் வேறு.

அரபு உலகில் அலீ அஹ்மத் பாகஸீர் 1945இல் 'புதிய ஷைலக்' என்ற நாடகத்தை வெளியிட்டார். பலஸ்தீனம் பறிபோகப் போகிறது என்ற அவருடைய அச்சம் வீண் போகவில்லை. அந்த அநீதியின்மீது நமக்குள்ள சினம் நியாயமானது. ஆனால் அதற்கு ஷைலக் என்று பெயரிட்டபோது, ஓர் அரசியல் இயக்கத்தின் குற்றம் ஒரு இனத்தின் பிறவிக் குணமாகிவிடுகிறது. பலஸ்தீனருக்காக வாதாட நமக்கு வரலாறும் சட்டமும் இருக்கின்றன. ஐரோப்பா யூதர்மீது வீசிய பழைய வசைச்சொல்லை இரவல் வாங்க வேண்டியதில்லை.

என் மாணவருக்கு நான் சொன்ன மறுமொழி அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான பகுதியின் பின்னணி. தஃப்ஸீர் நூல்களின் அறிவிப்புகளில் பெயர்களும் விவரங்களும் வேறுபடுகின்றன. பரவலாகச் சொல்லப்படுவது இது: மதீனாவில் ஒரு கவசம் களவு போயிற்று. முஸ்லிம்களுள் எண்ணப்பட்ட ஒருவர் அதைத் திருடி, பழியை ஒரு யூதர்மீது போட்டார். அவருடைய குலத்தார் திரண்டுவந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அவருக்காகப் பேசினர். அப்போது இறங்கிய வசனங்கள், மோசடி செய்தவர்களுக்காக வாதாட வேண்டாமெனத் தடுத்து, யூதரின் குற்றமின்மையை நிலைநாட்டின.

அந்த மன்றத்தில் வழக்குரைஞர் வேடமில்லை, சொற்சிலம்பமில்லை. குலம் ஒருபுறம், உண்மை மறுபுறம். தீர்ப்பு உண்மையின் பக்கம் நின்றது. "இப்போது சொல்லுங்கள், வெனிஸ் மன்றத்தில் நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டேன். அந்த மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கத்தியின் பக்கமும் இல்லை, தீர்ப்பின் பக்கமும் இல்லை, ஹஜ்ரத்" என்றார். அன்றைய பாடத்தை அத்துடன் முடித்தேன்.